ஐந்தருவியில் ஒரு மாமியார்

ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த நடிகை புவனசுந்தரி, ஈரச் சேலையோடு ஒரு பெண் தன்னையே வெறித்தபடி வருவதைப் பார்த்தாள்.

படத்துக்குப் படம் அவளுக்குக் கொடுமைக்கார மாமியார் வேஷம்தான். போன மாதம் சந்தையில் ஒருத்தி செருப்பைக் கழற்றி அடித்தே விட்டாள்.

"தலைமுறை தலைமுறையா ஜனங்க மனசுக்குள்ள ஒரு ராட்சசி தூங்குறாம்மா. உங்க முகத்தைப் பார்த்ததும் முழிச்சுக்கிறா!" என்று அதைக் கேட்ட டைரக்டர் சிரித்தார். அடி வாங்கியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

புவனசுந்தரி கடைகளுக்கு நடுவே வேகமாக நடந்தாள். ஈரச் சேலைக்காரியும் பின்தொடர்ந்தாள். புவனசுந்தரி ஓடினாள். அவளும் ஓடிவந்து கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சிடாதேம்மா! அதெல்லாம் வெறும் நடிப்பு!"

"தெரியும்மா." அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முழங்கையில் சூடு போட்ட தழும்பு. "எங்க மாமியா பின்னாலயே வாரா. வீட்டுக்கு இழுத்துட்டுப் போனா கொன்னே போட்டுருவா. ஊர்ல ஒருத்தருக்கும் பயப்பட மாட்டா. டிவில உங்க மூஞ்சியப் பார்த்தா மட்டும் நடுங்கிப்போய் எந்திரிச்சிருவா. எங்க அண்ணன் கூட்டிட்டுப் போக வார வரைக்கும் என் பக்கத்துல நில்லுங்கம்மா!"

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவி வந்தாள்.

புவனசுந்தரியின் கண்கள் ஓட வழி தேடின. ஆனாலும் அந்தப் பெண்ணைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கண்களை உருட்டி ஓரடி முன்னால் வைத்தாள்.

கிழவி பின்வாங்கினாள்.