ஒரு மணி நேரம் ஓடட்டும்

எந்தத் துரோகத்துக்கும் தண்டனை உண்டு. அக்கா புருஷனுக்கான தண்டனை, மெத்தைக் கடை மாடியில் இயங்கிய அவர் கம்பெனி தயாரித்த கம்ப்யூட்டர்களுக்குள் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

வடிவமைத்ததெல்லாம் அவருடைய மைத்துனர், அந்த அக்காவின் தம்பி. பெட்டியில் பொறித்திருந்ததோ அக்கா புருஷனின் பெயர் மட்டும். அந்தக் கடுப்பில் மைத்துனர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ரகசியமாக ஒரு வரி எழுதி வைத்தார். ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால், "இந்த முதலாளி திருடன்" என்று திரையில் வரும்.

வாங்கிய ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அக்கா புருஷன் கையைக் காலைப் பிடித்து அடக்கியிருப்பார் என்று மைத்துனர் நினைத்துக்கொண்டார்.

இன்று பழைய கம்ப்யூட்டர் கண்காட்சி. அக்கா புருஷன் கோட்டு மாட்டிக்கொண்டு, "என் மூளையில் உதித்த குழந்தை" என்று மேடையில் பெட்டியை ஓடவிட்டார். கைதட்டல் ஓய்ந்ததும் அவசரமாக அணைக்கப் போனார். மைத்துனர் மேடையேறி அவர் கையைப் பிடித்தார்.

"இருக்கட்டும் மாமா. ஒரு மணி நேரம் ஓடட்டும், எல்லாரும் பாக்கட்டும்."

அக்கா புருஷன் அவர் காதோரம் குனிந்தார். "நீ செஞ்சதுல எது மாப்ள ஒரு மணி நேரம் ஓடியிருக்கு? சூடாகிப் படுத்துடும். மொதப் பெட்டி படுத்ததுமே, வாங்கறவங்க உன்னைத் தேடி வந்து அடிப்பாங்கன்னு உங்கக்கா அழுதா. அதான் என் பேரப் போட்டேன்."

மைத்துனர் திரும்பிப் பார்த்தார். பெட்டி ஏற்கெனவே அணைந்திருந்தது.