ஒன்றுக்கொன்று சேராது

மணமேல்குடியில் இ-சேவை மையம் நடத்தும் வனிதாவுக்குத் தலை வெடித்தது. டெண்டர் தளம் ஒரு பிரவுசரில்தான் திறந்தது. டிஜிட்டல் கையெழுத்துப் போடும் எக்ஸ்டென்ஷனோ இன்னொரு பிரவுசரில்தான் ஓடியது.

வியாபார வேலையாக ஊருக்கு வந்த இடத்தில் டெண்டர் போட உட்கார்ந்திருந்த சூர்யநாராயணன் முகத்தைச் சுளித்தார்.

"எல்லாத்துலயும் ஓடுற மாதிரி ஒண்ணாச் செஞ்சா குடியா முழுகிப்போகும்?"

"அவங்கவங்களுக்கு அவங்க சரக்குதான் ஓடணும் சார்."

"த்தூ. அடுத்தவனைத் தவிக்கவிட்டுச் சம்பாதிக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா?"

வனிதாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"எங்க வீட்டுலயும் இதே கூத்துதான் சார். படகு இன்ஜின்ல ஒரு நட்டு போயிருச்சு. எந்தக் கடை நட்டும் ஏறல. வித்த கம்பெனிக்காரங்க இப்ப ஸ்டாக் இல்லைங்கிறாங்க. எங்க வீட்டுக்காரரு ஒரு வாரமாக் கடலுக்கே போகல."

"அநியாயம்" என்று உச்சுக்கொட்டினார் அவர்.

வனிதா ஏதேதோ மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. மறுமுனையில் லேத் பட்டறைக்காரர் போலிருந்தது.

"புதுசா வர்ற படகு இன்ஜினுக்கும் நட்டு மரையை மாத்தியே கடைஞ்சிருங்கப்பா. நம்ம நட்டைத் தவிர வேற எதுவும் அதுல ஏறக் கூடாது. நம்மகிட்ட வராம எங்கிட்டுப் போயிருவாங்க?"

போனை வைத்துவிட்டுச் சிரித்த முகமாகத் திரும்பினார்.

"கையெழுத்து ஏறிருச்சாம்மா?"

ஏறியிருந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

வனிதா பிரவுசரை மூடினாள்.

"இல்ல சார். ஏறல."