நாட்டுக்காக ஓர் ஒப்பம்

கற்பிட்டி மக்களுக்கு அதிமுக்கிய அறிவித்தல்: ஒரு ரூபா நாணயக் குத்தியை ஒழித்து நாட்டைக் காப்பாற்ற, ஹாட்வெயார் முதலாளி முத்தலிபு ஹாஜியார் புறப்பட்டுவிட்டார்.

முதல் ஒப்பத்துக்கு, மீன் வியாபாரி றஸீனின் புதிய மீன்வாடிக் கொட்டகைக்குத்தான் மகஜர் மனுவோடு வந்தார்.

"குத்தி அடிக்கிறதால அரசாங்கத்துக்கு எவ்வளவு நட்டம் தெரியுமா மகன்?"

"அரசாங்கத்துட நட்டம் எப்பயிருந்து உங்களுக்கு வலிக்குது ஹாஜியார்? எலக்சன் கேக்கப் போறீங்களோ?"

"சீச்சீ!"

"அப்ப குத்தியப் பதுக்கி வச்சிருக்கீங்க."

"வல்லாஹி, என்னட்ட ஒண்டும் இல்ல. எல்லாம் உன்னட்டத்தான் இருக்கு!"

ஹாஜியார் எரிச்சலோடு அண்ணாந்து பார்த்தார். றஸீனும் பார்த்தான்.

புதிய தகரக் கூரையில், ஒவ்வொரு ஆணியின் தலைக்கடியிலும் துளையிட்ட ஒரு ரூபாக் குத்தி மினுங்கியது.

ஹாஜியாரின் கடையில் கூரை ஆணிக்குப் போடும் வொஷர் ஒன்று பத்து ரூபா.