ட்ரெபிள் நாப்

"அப்பா, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திக்கிட்டே இருக்காதீங்க. ஒரு இடத்துல உக்காருங்க!"

பெத்த அப்பாவை, நாலு பேர் வந்து போற கடையில வெச்சு இப்படியா அதட்டுவாங்க? அப்பவே எனக்கு அந்தப் பையனைப் பிடிக்கலை.

நான் தகட்டுல எழுத்து வெட்டறவன். அவன் வீட்டுலயே சொந்தமா ஒரு ஆம்ப்ளிஃபயர் செஞ்சு, அதுக்கு முகப்புத் தகடு வேணும்னு தூக்கிட்டு வந்திருந்தான். உள்வேலை எல்லாம் முடிஞ்சுது, மூஞ்சிதான் பாக்கி.

"நாலு ஓட்டைண்ணே. பவர், வால்யூம், பேஸ், ட்ரெபிள். அஞ்சு மணிக்குள்ள வேணும். வொய்ஃபை நைட் டூட்டிக்கு ஆஸ்பத்திரில விடணும்."

"எழுத்து வெட்டி, பெயிண்ட் நிரப்பி, அது காயணும் தம்பி. நான் என்ன மந்திரமா போடறேன்?"

"எப்படியாவது பண்ணுங்க. அப்பா நாப்பது வருஷம் நாடகங்களுக்கு சவுண்ட் பார்த்தவர். நாலு மாசமா பாட்டே கேக்கறதில்ல. பழைய பெட்டில வயலின் சத்தம் மழுங்கிப் போச்சுங்கறார். அதுக்குத்தான் இந்த ட்ரெபிள் நாப். திருகினா மெல்லிசு சத்தமெல்லாம் கணீர்னு வரும்."

பேச்சென்னவோ தேனாத்தான் இருந்தது.

பெரியவர் உக்காரவே இல்லை. அரத்தை எடுப்பார், வைப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். "ஆச்சா தம்பி?"ன்னு ஆறு தடவையாவது கேட்டிருப்பார். பாவம், பாட்டு கேக்க அவ்வளவு ஆசைன்னு நினைச்சேன்.

ஒருவழியா தகடு முடிஞ்சுது.

"மாட்டி வைங்கண்ணே. எதிர்க் கடைல ஸ்பீக்கர் வயர் வாங்கிட்டு வந்துடறேன். இங்கயே பாட்டுப் போட்டுப் பார்த்துடலாம்"னு பையன் ஓடினான்.

மாட்டினேன். மூணு தண்டு நேரா வெளிய வந்துது. ட்ரெபிள் தண்டு மட்டும் ஓட்டையோட விளிம்புல உரசிச்சு. நட்டைத் தளர்த்தலாம்னு மேல்மூடியைத் திறந்தா, அடப்பாவி!

ட்ரெபிள் நாப்புக்குப் போற வயரையெல்லாம் வெட்டி, முனைகளை வேற எங்கயோ சேர்த்து, அழகா டேப் சுத்தி வெச்சிருக்கு. எனக்குக் கரண்ட் வேலை அரைகுறைதான். ஆனா வயரே போகாத நாப் வெறும் பொம்மைன்னு கூடவா தெரியாது? விடிய விடியத் திருகினாலும் ஒரு மாத்தமும் வராது.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. செய்யத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வயசான மனுஷனையா ஏமாத்தறது?

"ஐயா, இங்க வாங்க. உங்க பையன் லட்சணத்தைப் பாருங்க! வெறும் நாப்பை நட்டு வெச்சு உங்க காதுல பூ சுத்தறான். வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

பெரியவர் பெட்டிக்குள்ள பார்க்கலை. தெருவைப் பார்த்தார். அப்புறம் அவரே மூடியை எடுத்து மூடினார்.

"கத்தாதீங்க தம்பி. வெட்டினது நான்தான்."

"நீங்களா?"

"நேத்து அவன் வேலைக்குப் போனப்ப. குறை பெட்டில இல்லை, என் காதுல. மெல்லிசு சத்தம் கேக்கறதில்ல. அது தெரியாம பழைய பெட்டில ட்ரெபிளை முழுசா ஏத்தி வெச்சுக் கேட்டுக்கிட்டிருந்தேன். ஒரு நாள் மருமக ரூம் கதவு திறந்திருந்தது. ராத்திரியெல்லாம் வேலை பார்த்துட்டு வந்த பொண்ணு, காதுல பஞ்சை வெச்சு, தலகாணியை மேல அமுக்கிக்கிட்டுப் படுத்திருக்கா. ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னதில்ல. அன்னிக்கே பாட்டை நிறுத்திட்டேன்."

"அதைப் பையன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அவகிட்ட போய் நிப்பான். வீட்டுல வீண் சண்டை. பெட்டி சரியில்லைன்னு சும்மா சொல்லி வெச்சேன். அதைப் பிடிச்சுக்கிட்டு நாலு மாசமா எனக்காக இதைச் செஞ்சிருக்கான். வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. நாப் வேலை செஞ்சா என் கை சும்மா இருக்காது, ஏத்திடுவேன். அதான் வெட்டிட்டேன்."

"அவனுக்குத் தெரிஞ்சுடாதா?"

"வீட்டுல என்னைத் தவிர யாரும் அதைத் தொடமாட்டாங்க. இங்கதான் பயம். இப்ப வந்து சோதிச்சுப் பார்ப்பானே. காலைலேர்ந்து எனக்கு உக்காரவே முடியலை தம்பி."

அதுக்குள்ள பையன் மூச்சு வாங்க வந்துட்டான். கூடவே கொண்டு வந்திருந்த ஸ்பீக்கரை மாட்டி, போன்லேர்ந்து பாட்டைப் போட்டு, ஸ்பீக்கர் கிட்டயே காதைக் கொண்டு போனான். அவன் முகத்துல அப்படி ஒரு ஆவல்.

"அப்பா, ட்ரெபிளைத் திருகுங்க!"

பெரியவர் என்னைப் பார்த்தார். நாப் மேல விரலை வெச்சவர், திருகலை.

நான் கையை நீட்டி, தகடு தேய்க்கற கிரைண்டரைப் போட்டேன். கைக்குக் கிடைச்ச கழிவுத் தகடு ஒண்ணை எடுத்து சக்கரத்துல அழுத்தினேன். கடையே கிறீச்சிட்டுது.

பெரியவர் நாப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திருகினார். "ஆகா! இப்பத்தாண்டா பாட்டு பாட்டா இருக்கு!"ன்னு கத்தினார்.

பையன் என்கிட்ட பாய்ஞ்சு வந்தான்.

"என்ன மனுஷன்யா நீங்க? வயசானவர் ஆசையா ஒரு பாட்டு கேக்கறார். ரெண்டு நிமிஷம் அதை நிறுத்தினா குறைஞ்சா போயிடுவீங்க? ஈவு இரக்கம் இருக்கா உங்களுக்கு?"

"எனக்கு வேலை இருக்குப்பா"ன்னு சொல்லிட்டு, தகட்டை இன்னும் அழுத்திப் பிடிச்சேன்.