விடுதி நிறைந்த நாள்

"ஒரு ரூம்கூட இல்லைன்னா எப்படிக்கா? இவங்கள நான் எங்க கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறது?"

விடுதி வாசலில் நின்று கேட்டான் படகோட்டி ஸாபித். அவன் பின்னால் ஒரு ஜெர்மன் தம்பதி பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மாலத்தீவுத் தலைநகர் மாலேயிலிருந்து படகில் குலுங்கி வந்த அலுப்பு. ஸாபித்துக்கும் கண் எரிந்தது. இரண்டு வாரமாக வேறு தீவுகளுக்குப் பயணிகளை ஏற்றிப் போனவன், இன்றுதான் சொந்தத் தீவுக்குத் திரும்பியிருந்தான். துறையிலிருந்து நேரே இங்கே வந்திருந்தான்.

விடுதிக்காரி லத்தீஃபா துவைத்த விரிப்பைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"நாலு ரூம்லயும் ஆள் இருக்கு, ஸாபித்."

"போன மாசம் வரைக்கும் ஈ ஓட்டிட்டிருந்தீங்க. தென்கரை மணல கடல் தின்னுடுச்சு, இனிமே எவன் வருவான்னு நீங்கதானே புலம்புனீங்க? உங்களுக்காகத்தான் நான் ஆள் பிடிச்சேன்."

"தெரியும்ப்பா."

"போன்ல சொல்லியிருக்கலாம்ல?"

"டவர் வேலை செய்யல."

"அது என்னைக்கு வேலை செஞ்சுது? துறையிலயும் கயிறு பிடிக்க ஒரு ஆள் இல்ல. சரி, யாரு இவங்கல்லாம்? எந்த நாட்டுக்காரங்க?"

லத்தீஃபா அடுப்புப் பக்கம் போனாள். பெரிய பானையில் சூரை மீன் கொதித்துக்கொண்டிருந்தது. நுரையை வழித்துக் கொட்டினாள்.

"எப்பக் காலி பண்ணுவாங்க?"

"அவங்களுக்கே தெரியல."

"மணலே இல்லாத ஊர்ல அப்படி என்னத்தப் பார்க்கிறாங்களாம்?"

"நீ முதல்ல உட்காரு. தண்ணி குடி. நான் சொல்றதக் கேளு."

"தண்ணி வேணாம், ரூம் வேணும். அந்தக் கடைசி ரூம்ல எத்தனை பேரு?"

"நாலு பேரு."

"ஒரே ரூம்லயா? கஞ்சப் பசங்க. பள்ளிக்கூடத்துல போய்ப் படுக்கச் சொல்லுங்க. ஒரு ராத்திரிதானே? பாவம் பார்த்தா பொழைக்க முடியாதுக்கா."

"பள்ளிக்கூடத்துலயும் இடம் இல்ல."

லத்தீஃபா படியில் உட்கார்ந்துவிட்டாள். எப்படித் தொடங்குவதென்று அவளுக்குப் பிடிபடவில்லை. வாய் திறப்பதற்குள் ஸாபித் அவளைத் தாண்டி நடந்தான்.

"நீங்க சொல்ல மாட்டீங்க. நானே எழுப்பிக் கிளப்புறேன்."

கடைசி அறைக் கதவை உள்ளங்கையால் தட்டினான். உள்ளே குழந்தை ஒன்று சிணுங்கியது. மறுபடி தட்டினான்.

கதவைத் திறந்தவள் அவன் மனைவி ஷியூனா. அவளுக்குப் பின்னால் பாயில் அவன் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் சுருண்டு கிடந்தார்கள்.

"வந்துட்டீங்களா?" என்றாள் அவள், குரலில் பிடிப்பே இல்லாமல். "நம்ம தெருவே இங்கதான் இருக்கு. கடல் ஊருக்குள்ள ஏறிடுச்சு, அங்க ஒரு வீடும் மிஞ்சல."