சைவ வீட்டு மோலிகள்

"நில்லுங்கோ! அந்தத் தூக்குல என்ன?"

மாடிப்படியின் கடைசிப் படியில் லூயிசா அப்படியே நின்றுவிட்டாள்.

வீட்டுக்காரர் விஜயராகவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல சார்..."

"மூடியைத் திறங்கோ."

திறந்தாள். தண்ணீருக்குள் கட்டைவிரல் நகமளவு மோலி மீன் குட்டிகள், கறுப்புக் கறுப்பாக நீந்திக்கொண்டிருந்தன.

விஜயராகவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர் மோலி வளர்க்கிற அழகு அந்த மயிலாப்பூர்த் தெரு முழுக்கத் தெரியும். மெட்ரோ தண்ணீரைப் பிடித்து வைத்து, குளோரின் வாடை போன பிறகுதான் தொட்டியில் ஊற்றுவார். கல்லுப்பைக்கூட ஸ்பூனால் அளந்துதான் போடுவார். குட்டி போட்ட மோலி, போட்ட குட்டியையே விழுங்கிவிடும் என்பதால், பிறந்த கையோடு தாயைப் பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார். "பெத்ததையே திங்கறதே, என்ன ஜென்மமோ!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அங்கலாய்ப்பார். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் திருட்டு!

"ஒரு மாசமா குட்டி குறையறதேன்னு பாத்துண்டே இருக்கேன். பூனையா இருக்கும்னு நினைச்சேன். பூனை கீழ்வீட்லயே குடியிருக்குன்னு தெரியாமப் போச்சு!"

லூயிசா, சாந்தோம் பக்கத்துப் பள்ளியில் ஒரு வகுப்பையே ஒரு அதட்டலில் உட்கார வைக்கிற டீச்சர். இங்கே தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"குடி வரும்போதே சொன்னேனா இல்லையா, அசைவம் சமைக்கப்படாதுன்னு?"

"இதுவரைக்கும் ஒரு முட்டைகூட உள்ள கொண்டு வந்ததில்ல சார். ஞாயித்துக்கிழமை எங்கம்மா வீட்டுலதான் சாப்பிடுறோம்."

"கடைல வாங்கினாதானே தெரியும்? மேலேர்ந்து அள்ளிண்டு போய் நெத்திலி மாதிரி வறுத்துட்டா யாருக்குத் தெரியப்போறது!"

தெருவில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். ஆள் சேர்ந்ததும் விஜயராகவன் குரலை இன்னும் உயர்த்தினார்.

"நாக்கு ருசி பாத்தவாளுக்கு எதுவும் உயிராத் தெரியாது. இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்கோ!"

லூயிசா பதறி நிமிர்ந்தாள்.

"சார், பொண்ணுக்கு பிளஸ் டூ பரீட்சை நடக்குது. இப்போ நான் எங்க போய் வீடு தேடுவேன்? எங்க பேரைக் கேட்டதுமே வீடு இல்லன்னுடறாங்க."

"கொல்றதுக்கு முன்னாடி அதை யோசிச்சிருக்கணும்."

அந்த வார்த்தையை அவளால் தாங்க முடியவில்லை.

"யாரும் எதையும் கொல்லல. உள்ள வந்து பாருங்க!"

கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப். காக்கா கொத்தாமல் இருக்க மேலே பழைய கொசுவலை. வலையை விலக்கியதும் ஆகாயத்தாமரை இலைகளுக்கு அடியில் மோலிகள் கூட்டம் கூட்டமாகத் திரிவது தெரிந்தது. எல்லாம் அவர் தொட்டிக் குட்டிகள்தான், நன்றாக வளர்ந்திருந்தன.

வேறு யாராக இருந்தாலும் அதோடு வாயை மூடியிருப்பார்கள். விஜயராகவன் மூடவில்லை.

"ஓஹோ! வளர்த்து விக்கப்போறேளா? அப்போ சந்தேகமே இல்ல, திருட்டுதான்!"

"அவ திருடல. நான்தான் குடுத்தேன்."

திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி சுந்தரவல்லி நின்றுகொண்டிருந்தாள். சத்தம் கேட்டுக் கரண்டியும் கையுமாகவே இறங்கி வந்திருந்தாள்.

"நீயா? எதுக்குடி?"

"உயிரோட இருக்கட்டுமேன்னுதான்."

"நம்மாத்துல இருந்தா செத்தா போயிடும்?"

"நம்மாத்துல எங்க இருக்கு? தொட்டி ரொம்பினா ராயப்பேட்டைல அந்த மெஹபூப் அலியோட கலர் மீன் கடைல கொண்டு போய்க் குடுத்துடறேளே! உங்களுக்கு முட்டிவலின்னு போன மாசம் நான் எடுத்துண்டு போனேன். வாஸ்து மீன்னு முழ நீளத்துக்கு ஒண்ணு வெச்சிருக்கானே, என் கண்ணு முன்னாலயே அந்தத் தொட்டில கொட்டிட்டான். நான் கவரை மடிச்சுப் பைல வெச்சுக்கறதுக்குள்ள ஒண்ணுகூட மிச்சமில்ல."

விஜயராகவன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயையோ! படுபாவி, இப்படியா பண்றான்? எனக்கென்னடி தெரியும்? யாராவது குழந்தைகள் ஆசையா வாங்கிண்டு போய் வளர்க்கும்னு நினைச்சுண்டிருக்கேன். இனிமே அவன் கடைப்பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டேன்!"

லூயிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம், சாருக்குத் தெரிஞ்சிருக்காது மாமி. விடுங்க."

"நீ எங்கயும் காலி பண்ணப்போறதில்ல. உள்ள போய்ப் பொண்ணுக்கு டிபனைக் குடு," என்றாள் சுந்தரவல்லி. கணவரை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் உன்னை மாதிரிதாம்மா நினைச்சேன். எங்காத்து மாமாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டார்ப்பான்னு அந்தக் கடைக்காரன்கிட்ட சொன்னேன். சிரிக்கறான். 'இன்னா மாமி, சாருக்கா தெரியாது? ஸ்டூலைப் போட்டுக் குந்திக்கினு, கடைசிக் குட்டியும் அந்த மீனு வாய்க்குள்ள போற வரிக்கும் பாத்துட்டுத்தானே போவாரு'ங்கறான்."