வௌவால் குகையில் மாப்பிள்ளை

"திரும்பிப் போணும்னா இப்பவே போயிரலாம். உள்ள போன பெறவு ஓடக் கூடாது" என்றாள் அபர்ணா.

சொல்லும்போது அவள் பார்வை மந்திரமூர்த்தியின் தோளுக்கு மேலாக எங்கோ சென்றது. முகத்தைப் பார்த்துச் சொன்னால் அவனுக்கு அவமானமாகிவிடும் என்று நினைக்கிறாள் போலும் என அவன் எடுத்துக்கொண்டான். அந்த நாகரிகம் அவனுக்குப் பிடித்திருந்தது.

"ஓடவா? நானா?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே வறண்டுபோயிற்று.

எல்லாம் அவனாகத் தேடிக்கொண்ட வினை. தென்காசியில் அவளைப் பெண் பார்க்கப் போன அன்று, தனியாகப் பேசக் கிடைத்த சில நிமிடங்களில், குற்றால மலைக்குகை ஒன்றில் வௌவால்களை ஆராய்ந்து வருவதாக அவள் சொன்னாள். அவள் சொன்ன அழகில் மயங்கி, கேசரித் தட்டும் கையுமாக, "எனக்கும் வவ்வால்னா ரொம்ப இஷ்டம்" என்று சொல்லிவைத்தான் மந்திரமூர்த்தி. வீட்டுச் சுவரில் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிறவன் அவன்.

"அப்போ ஒரு நாள் வந்து பாருங்க" என்றாள் அவள். சம்மதத்தைச் சொல்லப் பெண்வீட்டார் அவகாசம் கேட்டிருந்தார்கள். ஆகவே இது தனக்கான தேர்வு என்பதில் அவனுக்கு ஐயமே எழவில்லை.

நிச்சயம் ஆகாத பிள்ளைகளைக் காட்டுக்குத் தனியாக அனுப்புவதாவது என்று அவள் அம்மா ஒரே பிடியாக நின்றதால், காவலுக்கு வந்தவர் அப்பா குத்தாலிங்கம். உரக்கடை வைத்திருப்பவர், கடையில் அவர் பேசினால் தெருமுனைவரை கேட்கும். அப்படிப்பட்டவர் சாரல் நனைத்த பாதை நெடுகிலும் தானாக வாய் திறவாமல் மந்திரமூர்த்திக்குப் பின்னாலேயே வந்தார். தப்பி ஓடாமல் பார்த்துக்கொள்ளத்தான் என்று அவனுக்குப் பட்டது.

"நீங்க முன்னால போங்க மாமா."

"மாமாவா? அதப் பொறவு பாத்துக்கிடலாம். நீங்க நடங்க தம்பி."

"இல்ல, வழி உங்களுக்குத்தான தெரியும்..."

"அவளுக்குத் தெரியும். நடங்கன்னா நடங்க!"

குகை வாசலில் குத்தாலிங்கம் தோள்துண்டை எடுத்துக் காதோடு சேர்த்து இறுகக் கட்டிக்கொண்டார். "காத்து காதுக்குள்ள ஏறுதுல்லா" என்றார். அங்கே ஓர் இலைகூட அசையவில்லை.

"சத்தம் போடாதீங்க. இது குட்டி போட்டிருக்க நேரம். மிரண்டு பறந்தா குட்டி கீழ விழுந்துரும்" என்று சொல்லிவிட்டு, மங்கலான சிவப்பு விளக்கோடு அபர்ணா உள்ளே நுழைந்தாள்.

உள்ளே மூக்கைத் துளைக்கும் நெடி. கூரையே மூச்சுவிடுவதுபோல் மெல்ல அசைந்தது. அது கூரையல்ல என்று புரிந்த கணத்தில் மந்திரமூர்த்தி ஓர் அடி பின்வாங்கினான். தனியாக வந்திருந்தால் செங்கோட்டை தாண்டித்தான் நின்றிருப்பான்.

ஆனால் பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைக் கவ்வியது. இரும்புப் பிடி.

"மாப்ளே, அசையாதீங்க" என்றது குத்தாலிங்கத்தின் குரல்.

மாப்ளே! அந்த ஒரு சொல்லுக்காக அவன் மலையையே தாங்கி நின்றிருப்பான். ஒரு சிறகு காதை உரசிப் போயிற்று, நின்றான். இன்னொன்று நெற்றியருகே திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

அபர்ணா விளக்கைச் சற்றே உயர்த்தினாள். தாயின் மார்பில் ஒட்டிக்கொண்டு, விரல் அளவில் ஒரு குட்டி.

"இத இங்கன தொங்கவிட்டுட்டுத்தான் தாய் இரை தேடப் போவும். திரும்பி வந்ததும் குரலை வச்சே தன் குட்டியக் கண்டுபிடிச்சிரும்" என்று கிசுகிசுத்தாள்.

மந்திரமூர்த்தி ஏதாவது அறிவார்ந்த கேள்வி கேட்க வாயைத் திறந்தான். கேள்வி பின்னாலிருந்து வந்தது.

"ஏட்டி, இம்புட்டுக் கூட்டத்துலயா?" என்று கேட்டவர் குத்தாலிங்கம். உரக்கடைக் குரல் அல்ல அது. "பால் குடிக்குதாட்டி? தாய் வராட்டா என்ன செய்யும்? நீ தனியாவா இங்கன வந்து நிக்கே?"

அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். மதிப்பெண்ணெல்லாம் மாமனாரே வாங்கிக்கொண்டு போவதை, வியர்வையில் நனைந்தபடி மந்திரமூர்த்தி கேட்டுக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் வெளிச்சம் அவனுக்கு ஒருவிதத் துணிச்சலைத் தந்தது. குத்தாலிங்கம் தள்ளிப் போய் ஒரு பாறையில் உட்காரும்வரை காத்திருந்தான்.

"அபர்ணா, ஒரு விஷயம் சொல்லிருதேன். வவ்வால் இஷ்டம்னு அன்னைக்குச் சொன்னது பொய். எனக்கு உசிரே போயிட்டு. உங்கப்பா தோளைப் பிடிச்சிருக்கலைன்னா ஓடியே போயிருப்பேன். பரீட்சையில தோத்துட்டேன். வீட்ல வேண்டாம்னு சொன்னாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அபர்ணா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"உங்களுக்கு யாரு பரீட்சை வச்சா? உங்களக் கட்டிக்கிடச் சம்மதம்னு அன்னைக்கே அம்மாட்ட சொல்லியாச்சே."

"பெறவு இன்னைக்கு எதுக்கு இங்கன...?"

அவள் கண்ணால் பாறையைக் காட்டினாள். குத்தாலிங்கத்தின் கையில் தண்ணீர்ப் புட்டி கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. பாதித் தண்ணீர் மீசையிலும் மீதி சட்டையிலும் வழிந்தது. கண்கள் மட்டும் குகை வாசலைவிட்டு அகலவில்லை.

"ஆராய்ச்சி தொடங்குன நாள்லேருந்து அப்பாவக் கூப்பிடுதேன், பயத்துல மலையடிவாரத்தத் தாண்ட மாட்டாரு. மாப்பிள்ளை முன்னால ஓட முடியாதுல்லா?"